கை கழுவும் நேரத்தில்

(பெண்கள் ஞாயிறு ஆராதனையில் பகிர்ந்துகொண்ட செய்தியின் எழுத்து வடிவம்)



 பெண்கள் ஞாயிறன்று ஆலயத்தில் நான் பேசியதை ஆண்டுவிழா மலருக்கு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு நடுவில் அழுகை வந்துவிட்டதால் சிலவற்றைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் பிரசங்கியார் அல்ல, ஒரு நர்ஸ். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பொய்யை அறிக்கையிட வேண்டும். கொஞ்ச நாளைக்கு முன்னால், ஆராதனை முடிந்து ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சபைக்குப் புதிதாக வந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. "அக்கா, ஷிஃப்டுக்கும் போறீங்க, வீட்டையும் பாக்குறீங்க. ஜெபம் பண்ண உங்களுக்கு எப்போ நேரம் கிடைக்குது?" நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அதிகாலையிலயே எழும்பிருவேன்மா" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. தன்னால் அது முடியாது என்று நினைத்திருப்பாள். உண்மையில் என்னாலும் முடிவதில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தச் செய்தி.

எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். காலை ஐந்து மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது அவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு முழங்காலில் இருப்பார். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் சின்னவர் முதல் பெரியவர் வரை வரிசையாக ஜெபம். தூங்கி விழுந்தால் தோளில் ஒரு தட்டு விழும். எனக்கு ஜெபம் என்றால் இதுதான்: மணி அடிக்க வேண்டும், முழங்கால் போட வேண்டும், கண்ணை மூட வேண்டும். வேலூரில் நர்சிங் படித்த காலத்திலும் அந்த ஒழுங்கு குலையவில்லை. 2008இல் மெல்பர்ன் வந்து, பிரிட்ஜிங் கோர்ஸ் முடித்து, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அது குலைந்துபோனது.

நம் சபையில் நர்ஸ்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரோஸ்டர் என்றாலே உங்களுக்குப் புரியும். செவ்வாய்க்கிழமை மதிய ஷிஃப்டை முடித்து வீடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகும். புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் திரும்பவும் வார்டில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் நைட். அதிகாலை ஐந்து மணிக்கு நான் ஒரு தாத்தாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருப்பேன், அல்லது பிணம்போலத் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு ஜனவரியும் ஒரு தியானப் புத்தகம் வாங்குவேன். பிப்ரவரிக்கு மேல் அதில் ஒரு பக்கமும் திரும்பியிருக்காது. அப்பா போனில், "ஜெபிக்கியாம்மா?" என்று கேட்பார். "ஆமாப்பா" என்பேன். ஹாலில் சொன்ன பொய் அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாட்களில் நாங்கள் கோபர்கில் வாடகைக்கு இருந்தோம். 19ஆம் நம்பர் ட்ராமில்தான் வேலைக்குப் போவேன். முதல் ஜூலை மாதம். ராயல் பரேட் ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய எல்ம் மரங்கள், ஒரு இலைகூட இல்லாமல். நம்மூரில் மரம் அப்படி நின்றால் பட்டுப்போய்விட்டது, விறகுக்கு வெட்டலாம் என்று அர்த்தம். செப்டம்பர் கடைசியில் அதே மரங்கள் துளிர்த்தபோது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருஷம் கழித்து, ஒரு சகோதரி கொடுத்த சின்ன ஆங்கிலப் புத்தகத்தில் இதே மரத்தைச் சந்தித்தேன்.

அது சகோதரர் லாரன்ஸைப் பற்றிய புத்தகம். சொந்தப் பெயர் நிக்கோலா ஹெர்மன். பிரான்சு பக்கத்தில் லொரேன் நாட்டுக்காரர், ஏழைக் குடும்பம். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்த்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது ஆண்டவருடைய வல்லமையும் பராமரிப்பும் அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பிறகு பட்டாளத்தில் சேர்ந்து காலில் காயம்பட்டு நொண்டியானார். ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலைக்காரனாக இருந்து, கையில் எடுத்ததையெல்லாம் உடைத்தார். 1640 வாக்கில் பாரிசில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாதவர் என்பதால் குருவாகவில்லை, அடுப்படிக்கு அனுப்பினார்கள். கத்தோலிக்க சந்நியாசியின் புத்தகம் நமக்கெதற்கு என்று யாராவது நினைத்தால், மெதடிஸ்ட் சபையின் ஜான் வெஸ்லியே தம் மக்கள் வாசிப்பதற்கென்று தொகுத்த நூல் வரிசையில் இதையும் சேர்த்தார் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவருக்கு அடுப்படி வேலையே பிடிக்காது என்பது. பிடிக்காத வேலையைப் பதினைந்து வருஷம் செய்தார். ஆண்டவர் மேல் உள்ள அன்புக்காக இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்தார். முழங்காலில் இருக்கும்போது எப்படியோ, பாத்திரங்கள் இரைந்து ஆளாளுக்கு ஒன்றைக் கேட்டுக் கூப்பிடுகிற நேரத்திலும் தனக்கு அப்படித்தான் என்று அவர் சொல்லும் அளவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் கால் முடியாமல் உட்கார்ந்து செருப்புத் தைத்தார். 1691இல் இறந்தார். சில கடிதங்களும், ஒரு குருவானவர் குறித்துவைத்திருந்த நாலு உரையாடல்களும் மிஞ்சின.

இதை வாசித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான். மாறவில்லை. நல்ல புத்தகம் என்று அலமாரியில் வைத்தேன், அவ்வளவுதான். முதல் பத்து வருஷம் தனக்கு மிகவும் வேதனையாக இருந்தது என்றும், ஆண்டவர் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நினைத்ததாகவும் அவர் எழுதிய பகுதியைச் சரியாகக்கூட வாசிக்கவில்லை. அந்தப் பக்கம் எனக்குத் தேவைப்பட்டது 2021இல்.

அதற்கு முந்திய வருஷத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வருஷத்திலும் சேர்த்து 262 நாள் மெல்பர்ன் அடைபட்டுக் கிடந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ராத்திரி வெளியே வரக்கூடாது. நம் ஆலயம் பூட்டிக் கிடந்தது. நாம் சூமில் பாடினோம், ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி. வார்டில் பார்வையாளர்களை விடவில்லை. மரிக்கப்போகிறவர்களுக்கு முன்னால் ஐபேடைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எங்கள் வேலையானது. ஒரு மகள் பேசுவாள், பேரன்கள் பாடுவார்கள், சிலர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் கை வலிக்கும். முகக் கவசத்துக்குள் மூச்சு முட்டும். பக்கத்து அறையில் மணி அடிக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், எப்போது முடியும் என்று சில தடவை மனசுக்குள் நினைத்திருக்கிறேன். தேவ பிரசன்னம் எதையும் நான் அங்கே உணரவில்லை.

2021 ஏப்ரல் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல். 27ஆம் தேதி இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை ஆஸ்திரேலியா நிறுத்தியது. மே 3 முதல் 15 வரை இந்தியாவில் இருந்துவிட்டு இங்கே திரும்பி வருவது, ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கே, குற்றம். ஐந்து வருஷம் வரை சிறை அல்லது 66,600 டாலர் வரை அபராதம் என்று செய்தியில் வாசித்தார்கள். இங்கிருந்து வெளியே போவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். போனால் எப்போது திரும்புவேன் என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் எட்டு வயதில் மகன். நான் போகவில்லை. போயிருக்கலாமா என்று இன்றைக்கும் சில ராத்திரிகளில் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாலாவது நாள், அவருடைய போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் அப்பாவின் முகம், ஆக்சிஜன் மாஸ்க்குடன். போனைப் பிடித்திருந்தது அங்கே இருந்த ஒரு நர்ஸ். கவச உடை போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை, கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் ஒரு விநாடி தெரிந்தன. வயதில் சின்னப் பெண் என்று குரலில் தெரிந்தது. "அக்கா, பேசுங்க. அப்பாவுக்குக் கேக்கும். நான் பிடிச்சிக்கிடுதேன், நீங்க மெதுவாப் பேசுங்க" என்றாள். நான் சங்கீதம் 23ஐச் சொன்னேன். பாதியில் தொண்டை அடைத்தது. அப்பாவின் உதடு அசைந்தது, மீதியை அவர்தான் முடித்தார். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. அந்தப் பிள்ளை அவசரப்படுத்தவே இல்லை. மறுநாள் விடிகாலையில் அப்பா கர்த்தருக்குள் நித்திரையானார். அடக்க ஆராதனையை என் தம்பி போனில் காட்டினான். காற்றுச் சத்தத்தில் ஐயரவர்களின் ஜெபம் பாதி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல அழைத்தவர்களில் சிலர், "எல்லாம் தேவ சித்தம்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு போனை வீசி எறிய வேண்டும்போல் இருந்தது. ஆலயத்துக்கு வந்தேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன், உதடு அசைந்தது. உள்ளே ஒன்றுமில்லை. உங்களில் எத்தனை பேருக்கு இப்படி இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால், இந்தப் பகுதியை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் அப்பா சின்ன வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஒரு இடம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்து டோனாவூர். அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. தலைக்கல் கிடையாது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மை" என்று ஒரே சொல். 1901 முதல் அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். 1931 அக்டோபர் 24ஆம் தேதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது, முதுகெலும்பும் பாதிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் எழும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18இல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் வலியோடு இருந்தார். 1933இல் அவர் வெளியிட்ட 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறார். நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதி அனுப்பும் ஆறுதல்கள் தன்னைத் தொடவில்லை என்று. அதனால் அவர் நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கு எழுதினார். இதை வாசித்தபோது எனக்குப் பெரிய விடுதலை. ஆறுதல் வார்த்தை கேட்டுக் கோபம் வந்தது என் விசுவாசக் குறைவினால் மட்டுமல்ல போலிருக்கிறது! லாரன்ஸின் அந்தப் பத்து வருஷப் பக்கத்தையும் அப்போதுதான் தேடி எடுத்து வாசித்தேன். இரண்டு பேருமே உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒருவர் பாத்திரத்தைத் தேய்த்தார், ஒருவர் படுத்தபடி கடிதம் எழுதினார். ஆண்டவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே செய்தார்கள்.

இனி கை கழுவும் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் ஐந்து தருணங்களில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்: நோயாளியைத் தொடுமுன், ஊசி டிரெஸ்ஸிங் போன்றவற்றைச் செய்யுமுன், அதைச் செய்தபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்டபின். ஜெல் என்றால் இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்கிறோமா என்று ஒருவர் அட்டையில் டிக் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள், 2021இன் குளிர்காலம்தான், ஒரு அறை வாசலில் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த தாத்தாவுக்கு ஆக்சிஜன் மாஸ்க். கால் உள்ளே போகவில்லை. அப்போது திடீரென்று அந்தத் திருநெல்வேலி நர்ஸ் பிள்ளையின் கை எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு கையுறை போட்ட கை. அவளும் உள்ளே வருமுன் இப்படித்தான் கையைத் தேய்த்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கும் கை வலித்திருக்கும், பக்கத்தில் மணி அடித்திருக்கும். ஒருவேளை, எப்போது முடியும் என்று அவளும் நினைத்திருப்பாள். ஆனால் எனக்கு அந்தக் கை என்னவாக இருந்தது? நான் போக முடியாத இடத்தில், என் அப்பாவின் பக்கத்தில், ஆண்டவர் நின்றார் என்றால் அந்தக் கையாகத்தான் நின்றார். பெத்தேலில் யாக்கோபு தூங்கி எழும்பின பிறகுதானே ஆண்டவர் அங்கே இருந்ததை அறிந்துகொண்டான்! எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அந்த வாசலில் நின்று உள்ளே இருந்தவருடைய பெயரை மட்டும் சொன்னேன். "ஆண்டவரே, இவர்." வேறு வார்த்தை வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு நான் செய்த முதல் ஜெபம் அதுதான். அடுத்த அறைக்கு முன்னாலும் அப்படியே செய்தேன்.

நம் தமிழில் ஒருவரைக் கைகழுவி விடுவது என்றால் அவரை விட்டுவிடுவது. பிலாத்து கழுவியதும் அப்படித்தான். நர்ஸ் கை கழுவுவது உள்ளே போவதற்கு. இந்த வித்தியாசத்தை நினைத்து நானே சிரித்துக்கொள்வதுண்டு. ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கை தேய்க்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண ஆரம்பித்தால் அதுவும் ஒரு டிக் அட்டை ஆகிவிடும். பாதிக்கு மேல் மறந்துவிடுகிறேன். மறந்தது ஞாபகம் வந்தால் அடுத்த அறையில் தொடங்கிவிடுகிறேன். லாரன்ஸும், மறந்துவிட்டால் அதற்காக மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாமல் ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டு திரும்ப வந்துவிடுவாராம்.

ஒரு இத்தாலியப் பாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். ஞாபகமறதி நோய் முற்றியவர். பல பத்து வருஷம் மெல்பர்னில் இருந்தும் ஆங்கிலம் முழுவதும் அழிந்துபோய், சின்ன வயது இத்தாலிய மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் விரல் தானாக மணியை உருட்டும், வாய் தானாக ஜெபத்தைச் சொல்லும். ஒரு நைட் டூட்டியில் அவர் பயந்து அழுதபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். இருவரும் ஒன்றாக ஆமென் சொல்ல முயன்றோம், அது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே. அன்றைக்கு அப்பாவின் எட்டரை மணிக் குடும்ப ஜெபத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. தோளில் விழுந்த தட்டுக்கும் நன்றி சொன்னேன். எல்லாம் மறந்துபோகும் ஒரு நாள் எனக்கு வந்தால், உதட்டில் மிஞ்சப்போவது அவர் அன்றைக்குள் போட்டுவைத்ததுதான்.

ஆகையால், காலை ஜெபம் வேண்டாம், குடும்ப ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டால் ஐயரவர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்! லாரன்ஸும் மடத்தின் ஜெப நேரங்களை விடவில்லை. பிள்ளைகளோடு பத்து நிமிஷமாவது சேர்ந்து உட்காருங்கள். ஆனால் அது நடக்காத நாளில், ஆண்டவர் உங்களை விட்டுப் போய்விட்டதாக நினைக்காதீர்கள். நெகேமியா ராஜாவுக்கு முன்னால் நின்றபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், நின்ற நிலையில் ஜெபித்தார். ராஜா கவனித்திருக்கக்கூட மாட்டார்.

நீங்கள் நர்ஸாக இல்லாவிட்டாலும் உங்களுக்கென்று ஒரு ஜெல் பாட்டில் இருக்கும். நம் சபையில் ஒரு அண்ணன் டிரக் ஓட்டுகிறார், சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் தன் வீட்டில் ஒருவரை நினைப்பதாகச் சொன்னார். ஒரு தங்கை பிள்ளைகளின் டிபன் டப்பா மூடும்போது. சென்டர்லிங்குக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்று ஒரு அம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே சொன்னார்.

ஹாலில் கேட்ட அந்தத் தங்கைக்காக, நான் சொல்லும் ஜெபங்களைக் கீழே எழுதுகிறேன். எல்லாம் சின்னவை. நீளமாகச் சொல்ல நேரமில்லாததால் சின்னதாக ஆனவை.

அறை வாசலில்: ஆண்டவரே, இவர் பெயரை நீர் அறிவீர். எனக்கு முன்னே உள்ளே இருக்கிறீர். நானும் வருகிறேன்.

ஒன்றுமே உணராத நாளில்: ஆண்டவரே, இன்றைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. கை இருக்கிறது. எடுத்துக்கொள்ளும்.

கோபம் வரும்போது: இயேசுவே, நான் வாயைத் திறக்குமுன் நீர் வாரும்.

கடைசி ஜெபம் கார் பார்க்கில். ஷிஃப்ட் முடிந்தால் நாங்கள் அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். வார்டில் அதை முடித்துவிட்டு, காரில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணுமுன் இரண்டாவது தடவை ஒப்படைக்கிறேன்:

கர்த்தாவே, எட்டாம் நம்பர் அறைத் தாத்தா இன்னும் சாப்பிடவில்லை. பதினொன்றில் இருப்பவருடைய மகள் பெர்த்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், அவள் வருமட்டும் அவரை வைத்துக்கொள்ளும். பன்னிரண்டில் உள்ளவரிடம் இன்று நான் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியும், நாளைக்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்கு உதவும். திருநெல்வேலியில் அன்றைக்குப் போனைப் பிடித்திருந்த அந்தப் பிள்ளை இப்போது எங்கே வேலை செய்கிறாளோ, அவள் கையை ஆசீர்வதியும். நான் வீட்டுக்குப் போகிறேன். உமக்கு ஷிஃப்ட் முடிவதில்லை. ஆமென்.